டி1-ஐயும் டி2-ஐயும் சேர்த்தால் உங்கள் கருவி வந்துவிடுமா?

காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கையைப் பிரித்துப் படிக்கும் ஒளியியல் கருவிக்காரர்கள் பெரும்பாலும் ஒரே பத்தியில்தான் சோர்ந்துபோகிறார்கள். (டி1, டி2 என்பவை பரிசோதகர் மேற்கோள் காட்டும் முந்தைய ஆவணங்கள்.) "டி1-இல் கைபேசியில் மாட்டும் விழித்திரைக் கருவி இருக்கிறது. டி2-இல் துளையுள்ள ஆடியால் வளையமாக ஒளி பாய்ச்சும் ஏற்பாடு இருக்கிறது. இரண்டையும் இணைப்பது துறையறிந்த ஒருவருக்கு வெளிப்படையானது. எனவே 2(1)(ஜேஏ) பிரிவின்படி கண்டுபிடிப்புப் படி இல்லை." பல வருட உழைப்பு நான்கு வரியில் முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். முடிந்துவிடவில்லை. அறிக்கை தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. விண்ணப்பித்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். அந்த அவகாசத்தை எதில் செலவிடுவது, எதில் செலவிடக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், பலரும் எழுதும் பதிலை எழுதிவிடாதீர்கள். "டி1-இல் வளைய ஒளி இல்லை. டி2-இல் கைபேசி இல்லை. ஆகவே எங்கள் கருவி வேறு." இதை எத்தனை பக்கத்துக்கு விரித்தாலும் நிரூபணமாவது புதுமை மட்டுமே. அதைத்தான் பரிசோதகர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டாரே! ஒரே ஆவணத்தில் எல்லாம் இருந்திருந்தால் அவர் டி1-ஓடு நிறுத்தியிருப்பார். டி2-ஐத் தேடிப் போனதே உங்கள் கருவி புதியது என்பதால்தான். இணைப்பின்மேல் வைத்த ஆட்சேபத்தை ஆவணங்களைத் தனித்தனியாகத் தாக்கி உடைக்க முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் கெல்லர் வழக்கில் 1981-லேயே சொல்லிவிட்டது. இங்கே இந்தியாவிலும், விண்ணப்பத்தில் முடிவெடுக்கும் கன்ட்ரோலர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. அந்த இரண்டையும் ஒருவர் ஏன் சேர்ப்பார்? சேர்த்தால் ஒளி என்ன ஆகும்?

நம் சட்டம் இணைப்புகளுக்கு எதிரியல்ல. மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரங்களைக் கடையும் எந்திரம் தொடர்பான விஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் தந்த தீர்ப்பே இன்றும் அடித்தளம். பழைய பாகங்களே ஒன்றோடொன்று இணைந்து இயங்கிப் புதிய அல்லது மேம்பட்ட விளைவைத் தந்தால் அதற்குக் காப்புரிமை உண்டு. பட்டறையில் கைதேர்ந்தவர் வழக்கமாகச் செய்யும் திருத்தமாக இருந்தால் கிடையாது. அந்த வழக்கின் எந்திரம் இரண்டாம் வகையில் சேர்ந்து தோற்றது. சட்டத்தின் 3(எஃப்) பிரிவு இன்னும் கறாரானது: தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது. பைனாகுலரின் முதுகில் திசைகாட்டி பதித்தால் இரண்டும் அதனதன் வேலையைத்தான் பார்க்கும். இங்கிலாந்தில் 1890-இல் தீர்ப்பான வில்லியம்ஸ் எதிர் நை வழக்கும் இதே ரகம்தான். இறைச்சி அரைக்கும் எந்திரத்தையும் அதைக் குடலுறையில் நிரப்பும் எந்திரத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டியவருக்குக் காப்புரிமை நிலைக்கவில்லை.

ஆகவே பாகங்கள் பழையவையா என்பதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒளியியலில் பாகங்கள் எப்போதும் பழையவைதான். லென்ஸ், ஆடி, பட்டகம், துளை, விளக்கு, உணரி: கணக்கு பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். கண்டுபிடிப்பு இருந்தால் அது பாகங்களுக்கு நடுவில் இருக்கும். இரண்டு பழைய அமைப்புகள் சேர்ந்து வேலை செய்யும்படி நீங்கள் நுழைத்த மூன்றாவது விஷயம் ஒன்று உண்டல்லவா, ஒரு துளை, ஓர் இடைவெளி, ஒரு விகிதம், ஒரு கோணம்? அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் பதிலின் உயிர்.

ஒளியியல் கருவிக்கான மிகப் பழைய காப்புரிமைத் தகராறு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. 1608 அக்டோபர் 2 அன்று, மிடல்பர்க் நகரின் மூக்குக்கண்ணாடி செய்பவர் ஹான்ஸ் லிப்பர்ஹே, தொலைவிலுள்ளதைக் கிட்டே காட்டும் கருவிக்கு உரிமை கேட்டு நெதர்லாந்தின் ஸ்டேட்ஸ் ஜெனரல் அவைக்கு வந்தார். ஒரு குழல், ஒரு குவிலென்ஸ், ஒரு குழிலென்ஸ். சில வாரங்களுக்குள் யாக்கோப் மெட்டியுஸ் என்பவரும் அதே உரிமையைக் கேட்டார். இந்தக் கருவியை வேறு பலரும் அறிவார்கள் என்று சொல்லி அவை உரிமையை மறுத்துவிட்டது. ஆனால் இரு கண்ணாலும் பார்க்கும் கருவிகளைச் செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டு லிப்பர்ஹேக்கு நல்ல பணம் கொடுத்தது. மூக்குக்கண்ணாடிக் குவிலென்ஸ் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தும், குழிலென்ஸ் 15ஆம் நூற்றாண்டிலிருந்தும் புழங்கியவை. அப்படியிருக்க 1608 வரை ஏன் தாமதம்? பழைய லென்ஸ்களை அளந்து ஆராய்ந்த ரோல்ஃப் வில்லாக் 2008-இல் வெளியிட்ட நூலில் ஒரு விடை தருகிறார். அக்காலத்து லென்ஸ்களின் ஓரப்பகுதி சரியாகத் தேய்க்கப்படவில்லை. நடுப்பகுதியே உருப்படியாக இருந்தது. முன் லென்ஸின் ஓரத்தை மறைக்க, துளையுள்ள தகடு ஒன்றை வைத்த பிறகே படிமம் தெளிந்தது என்கிறார். அந்தத் தகடுதான் மூன்றாவது விஷயம். "இரண்டு லென்ஸ்களை ஒரு குழலில் வைத்தேன்" என்று கேட்டால் பலரும் அறிந்தது என்ற பதில்தான் வரும். தகட்டைக் கேட்டிருந்தால் விவாதம் வேறு தடத்தில் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இனி நம் அறிக்கைக்கு வருவோம். அதிலுள்ள டி1, டி2 இரண்டையும் எண்களோடு மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். டி1 ஒரு நீண்ட கைச்சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கைபேசி, மறுமுனையில் 20 டயாப்டர் லென்ஸ். அதன் குவியத் தொலைவு 50 மி.மீ. விளக்கு, கைபேசியின் ஃபிளாஷ்தான். லென்ஸிலிருந்து கைபேசி 300 மி.மீ. தள்ளியிருந்தால், கேமரா வாயின் படிமம் மறுபுறம் 60 மி.மீ. தொலைவில், நோயாளியின் கண் பாவையில், ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி விழும். கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி இருந்தால் பாவையில் அது 2 மி.மீ. சொட்டு மருந்து விட்டு 7 மி.மீ. விரித்த பாவைக்குள் இரண்டும் அக்கம்பக்கமாக அடங்கிவிடும். ஒரு பக்கமாக ஒளி போகும், மறுபக்கமாகத் திரும்பும். டி1 வேலை செய்வதே அந்த நீளத்தால்தான். கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று 300-ஐ 100 ஆக்கிப் பாருங்கள். படிமம் சுருங்காமல் அதே அளவில் விழும், 10 மி.மீ. இடைவெளி 10 மி.மீ. ஆகவே நிற்கும். விளக்கோ கேமராவோ ஏதாவது ஒன்று பாவைக்கு வெளியே போய்விடும்.

டி2 மேசைக் கருவி. நோயாளி முகவாயைத் தாங்கியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். கார்னியா தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். விழித்திரையிலிருந்து கேமராவுக்கு வந்து சேருவது அதைவிட மிகக் குறைவு. அதனால் போகும் ஒளியும் வரும் ஒளியும் கார்னியாவிலும் பாவையிலும் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பிரிந்திருக்க வேண்டும். கண்ணின் ஒளியியலுக்காக 1911-இல் நோபல் பரிசு பெற்ற அல்வார் குல்ஸ்ட்ராண்ட் வகுத்த நெறி இது. டி2 இதைத் துளையுள்ள ஆடியால் சாதிக்கிறது: ஆடியில் பட்ட ஒளி வளையமாகப் பாவையின் ஓரம் வழியாக உள்ளே போகும், படிமம் நடுவழியாகத் திரும்பி ஆடியின் துளைக்குள் புகும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாவையின் படிமம் எந்தத் தளத்தில் விழுகிறதோ அந்தத் தளத்தில்தான் ஆடி நிற்க வேண்டும்.

டி1-இல் அப்படிப்பட்ட தளம் ஒன்றே ஒன்றுதான். அங்கே கைபேசியின் கேமரா உட்கார்ந்திருக்கிறது. ஆடியை அங்கே வைத்தால் கைபேசியைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால் கைபேசிக்குள் இருக்கும், நகர்த்த முடியாத, சுமார் 2 மி.மீ. கேமரா வாய் பாவைப் படிமத்தைவிட்டு விலகிவிடும், படத்தின் மூலைகள் இருளும். சரிசெய்ய நடுவில் ரிலே லென்ஸ் வேண்டும், கருவி நீளும். ஆடியை வேறெங்காவது வைத்தால் துளையின் விளிம்பு காட்சியின் ஓரத்தைக் கத்தரிக்கும், பாவையில் வளையம் கலங்கும், தவிர்க்க நினைத்த கார்னியாப் பளபளப்பு திரும்ப வந்து சேரும். "டி2-இன் ஆடியை டி1-இல் பொருத்தினால் போதும்" என்ற வரியில் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பது இப்படிக் கணக்குப் போட்டால்தான் தெரியும். "பொருந்தாது", "சிக்கலானது" என்று வெறும் சொல்லாக எழுதினால் எந்தக் கன்ட்ரோலரும் அசைய மாட்டார். எந்தத் தளத்தில், எத்தனை மில்லிமீட்டரில், எது தடுக்கிறது என்று எழுதுங்கள்.

இத்தனையும் எழுதிய பிறகு எதிர்த்தரப்பு கேட்கும்: "ரிலே லென்ஸ் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறதே?" இருக்கிறது. இந்த இடத்தில் உண்மையை மழுப்பாதீர்கள். சட்டம் கற்பனை செய்யும் துறையறிந்தவர் நம் துறையில் லென்ஸ் கணக்குப் போடத் தெரிந்த பொறியாளர். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில், அதுவும் ஒரு கார் பெடலையும் மின்னணு உணரியையும் இணைத்த வழக்குதான், அந்தப் பொறியாளருக்குச் சாதாரணப் படைப்பாற்றலும் உண்டு என்று அழுத்திச் சொன்னது. இணைக்கும்படி ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்ற பழைய பிடிவாதம் அதோடு தளர்ந்தது. ஆனால் இணைப்பதற்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற கடமை தளரவில்லை. பார்வையற்றோருக்கு உதவும் வாசிப்புக் கருவி பற்றிய 2006ஆம் ஆண்டு கான் வழக்கிலிருந்து அந்தக் கோட்பாட்டை அதே தீர்ப்பு எடுத்தாண்டது. ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் T 2/83 முடிவும் இந்த இடத்தில் கைகொடுக்கும். துறையறிந்தவரால் செய்திருக்க முடியுமா என்று கேட்டால் போதாது, அவர் செய்திருப்பாரா என்று கேட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ரிலே லென்ஸோடு நின்றுவிட்டால், என் கணிப்பில், உங்கள் வழக்கு பலவீனமானது. எனவே உங்கள் கருவியை நீங்களே மறுபடியும் குறுக்கு விசாரணை செய்யுங்கள். ஆடி, ரிலே இரண்டின் வேலையையும் ஒரே கண்ணாடித் துண்டில் முடித்திருக்கிறீர்களா? வளையத்தின் உள்விட்டத்துக்கும் துளையின் விட்டத்துக்கும் ஒரு விகிதம் வைத்து, சொட்டு மருந்து விடாத 3 மி.மீ. பாவையிலும் படம் எடுக்க முடிந்ததா? கை நடுங்கினாலும் பளபளப்பு வராதபடி எதையாவது வேண்டுமென்றே பெரிதாக்கினீர்களா? அப்படி ஒன்று இருந்தால் அது முதல் உரிமைக்கோரலுக்குள் இருக்க வேண்டும். விவரக்குறிப்பின் 14ஆம் பக்கத்தில் இருந்து பயனில்லை. உரிமைக்கோரலில் "ஒரு கைபேசி, ஒரு லென்ஸ், துளையுள்ள ஓர் ஆடி" என்று மட்டும் எழுதிவிட்டு, அதில் இல்லாத விகிதத்துக்காக விசாரணையில் மணிக்கணக்கில் வாதாடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். கோராத ஒன்றுக்காகக் கன்ட்ரோலர் உரிமை தர முடியாது. திருத்தலாம், 59ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் திருத்திய கோரல் பழைய கோரலின் எல்லைக்குள் அடங்க வேண்டும், திருத்தத்தில் வரும் விஷயம் முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இருந்திருக்க வேண்டும்.

அதனால்தான் தாக்கல் செய்யும்போதே தோல்விகளை எழுதி வையுங்கள் என்று சொல்கிறேன். நம் பொறியாளர்களுக்கு வென்ற வடிவத்தை மட்டும் எழுதும் பழக்கம். ஆடியை 20 மி.மீ. தள்ளி வைத்தோம், மூலைகள் இருண்டன. துளையைப் பெரிதாக்கினோம், வளையம் மெலிந்து ஒளி போதவில்லை. இப்படி இரண்டு பத்தி, ஒரு வரைபடம், ஓர் அட்டவணை. தற்காலிக விவரக்குறிப்புக்கும் முழு விவரக்குறிப்புக்கும் நடுவே 12 மாதம் இருக்கிறதே, அந்தக் காலத்தில் செய்த சோதனைகள் எல்லாம் முழு விவரக்குறிப்பில் ஏறட்டும். பின்னாளில் இணைப்பு எளிதல்ல என்று வாதாடும்போது அந்தப் பக்கங்களே சாட்சி. ஆட்சேபம் வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் முதல்முறையாகச் சொன்னால் பதிலுக்காகத் தேடிப் பிடித்ததுபோலத் தெரியும். இன்னொரு எச்சரிக்கை: பின்னணிப் பகுதியில் "வளைய ஒளியமைப்பைக் கைக்கருவிகளில் பயன்படுத்துவது நன்கு அறிந்ததே" என்று அலங்காரத்துக்காக எழுதிவிடாதீர்கள். உங்கள் வாயாலேயே டி2-ஐ டி1-க்குள் பொருத்திக் கொடுத்ததாகிவிடும்.

"அந்த ஆவணமே இந்த வழியைத் தடுக்கிறது" என்ற வாதம் பலமானது, ஆனால் அளவோடு எடுக்க வேண்டியது. குறுக்குத் தளவிளைவு வடிகட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கார்னியாப் பளபளப்பைக் கொல்ல அவை நல்ல வழி. ஆனால் குறையற்ற வடிகட்டிகளாகவே இருந்தாலும் விளக்கின் ஒளியில் பாதி முதலாவதில் போய்விடும். விழித்திரையில் சிதறித் திரும்புவதில் பாதி இரண்டாவதில் போகும். மிஞ்சுவது அதிகம் போனால் கால் பங்கு. ஒளி போதாமைதான் தன் பெரிய சிக்கல் என்று டி1 எழுதியிருந்தால், அதில் இந்த வடிகட்டிகளை யாரும் சேர்க்கத் துணிய மாட்டார் என்று வாதாட இடமிருக்கிறது. டி1 வேறொரு முறையை விரும்பிச் சொல்லியிருக்கிறது என்பது மட்டும் போதாது. ஒன்றை விரும்புவது இன்னொன்றைத் தடுப்பதாகாது என்று 2004-இல் ஃபுல்டன் வழக்கு தெளிவாக்கியது.

"அந்த ஆவணம் வேறு துறை" என்ற வாதத்துக்கோ ஒளியியலில் ஆயுள் குறைவு. கைபேசிகளின் இரட்டைக் கேமரா பற்றி ஆப்பிளும் இஸ்ரேலின் கோர்ஃபோட்டோனிக்ஸ் நிறுவனமும் அமெரிக்காவில் நடத்திய வழக்குகளை எல்லா ஒளியியல் விண்ணப்பதாரரும் படிக்க வேண்டும். 2023 அக்டோபரில் தீர்ப்பான ஒன்றில், வெவ்வேறு காட்சிக்கோணம் கொண்ட இரு கேமராக்களுக்கு இடையே ஜூம் தடையின்றி மாறுவது பற்றிய ஓர் ஆவணத்தையும், முப்பரிமாணக் காட்சிக்காகப் படங்களை ஒன்றோடொன்று பொருத்துவது பற்றிய இன்னோர் ஆவணத்தையும் ஆப்பிள் இணைத்தது. ஆவணங்களின் பொருத்தத்தை எதிர்க்கப்படும் காப்புரிமையோடு ஒப்பிட்டுத்தான் காட்ட வேண்டும், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் போதாது என்ற கோர்ஃபோட்டோனிக்ஸின் சட்டக் கருத்தை ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் காப்புரிமை செல்லாது என்ற முடிவை உறுதிசெய்துவிட்டது. நுண்ணோக்கியோ தொலைநோக்கியோ கைபேசியோ, லென்ஸும் படிமமும் பொதுவாக இருக்கும்போது துறை எல்லை போட்டுத் தப்புவது கடினம். உங்கள் பக்கங்களை அதற்காகச் செலவழிக்காதீர்கள்.

அதே இரு நிறுவனங்களின் இன்னொரு வழக்கு அதற்கு ஒரு மாதம் முந்தையது. ஆப்பிளின் நிபுணர் தந்த வாக்குமூலத்தில் ஓர் அச்சுப்பிழை இருந்தது. இரு தரப்பும் அதைப் பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் வாரியம் அந்தப் பிழையையே முக்கியக் காரணமாக்கி ஆப்பிளைத் தோற்கடித்தது. பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் அப்படிச் செய்தது சரியல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவை நீக்கித் திருப்பி அனுப்பியது. நமக்கு அதில் உள்ள பாடம் மிக நேரடியானது: லென்ஸ் அட்டவணையில் ஒவ்வொரு வளைவாரம், ஒவ்வொரு தடிமன், ஒவ்வொரு கூட்டல் கழித்தல் குறியையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ஜீமேக்ஸ் போன்ற மென்பொருளில் ஓட்டிய கோப்பும் ஆவணத்தில் அச்சான அட்டவணையும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிழை ஒரு குறியில் இருந்தாலும் எதிர்த்தரப்பு அதை வைத்தே மொத்தக் கணக்கையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

பழைய லென்ஸ் வடிவத்தை அளவு மாற்றிப் பயன்படுத்துவது வெளிப்படையானது என்ற ஆட்சேபமும் இப்போது அடிக்கடி வருகிறது. காகிதத்தில் எளிது: எல்லா நீளத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் போதும். கண்ணாடியில் அப்படியில்லை. வடிவத்தைச் சுருக்கினால் லென்ஸின் ஓரத் தடிமனும் கூடவே சுருங்கி, அச்சில் வார்க்க முடியாத மெலிவுக்கு வந்துவிடலாம். பொருத்துவதில் அனுமதிக்கும் பிழையும் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் பிறழ்ச்சிகள் அதே விகிதத்தில் வளரும், ஆனால் ஒளியின் அலைநீளம் வளராது. சிறிய லென்ஸில் விளிம்பு விளைவின் மங்கலுக்குள் மறைந்திருந்த பிறழ்ச்சி பெரிய லென்ஸில் வெளியே தெரியும். உங்கள் கண்டுபிடிப்பு அளவு மாற்றத்தில் இருந்தால், மாற்றியபோது எது உடைந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையே மையமாக வைத்து எழுதுங்கள்.

"இவ்வளவு காலம் யாரும் செய்யவில்லையே" என்பதும் ஒரு சான்றுதான். டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் ஏவரி டென்னிசன் வழக்கில், முந்தைய ஆவணத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே கழிந்த காலத்தைக் கணக்கில் எடுத்தது. எளிமையாக இருப்பதாலேயே ஒன்று வெளிப்படையாகிவிடாது என்றும் சொன்னது. எளிய கருவி செய்பவர்களுக்கு மிகவும் ஆறுதலான தீர்ப்பு. ஆனால் இந்த வாதத்தை எடுப்பதற்கு முன் காலவரிசை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வேறோர் அறிக்கையில் டி1 1985, டி2 1990, உங்கள் கருவி 2022 என்றால் முப்பது வருடம் யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லத் தோன்றும். உங்கள் கருவிக்கு வேண்டிய பிரகாசமான வெள்ளை எல்.இ.டி.யும் கைபேசி உணரியும் அந்த முப்பது வருடத்தில் எப்போது கைக்கு எட்டின? அவை வந்த மறு வருடமே நீங்கள் செய்திருந்தால், தாமதத்துக்குக் காரணம் பாகம் கிடைக்காததுதான். பாகம் வந்த பிறகும் பத்து வருடம் யாரும் செய்யவில்லை என்றால் அப்போது அது கனமான வாதம்.

நம் வரையறையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தொழில்நுட்ப முன்னேற்றம் அல்லது பொருளாதார முக்கியத்துவம், இரண்டில் ஒன்றாவது வேண்டும். அதோடுகூட அது வெளிப்படையாக இல்லாமலும் இருக்க வேண்டும். பலர் முதல் பாதிக்கு மட்டும் பதில் எழுதுகிறார்கள்: எடை குறைந்தது, விலை குறைந்தது, கிராமத்து முகாமுக்கு எடுத்துப்போகலாம். நல்ல விஷயங்கள்தான், எனக்கும் அவைமேல் அக்கறை உண்டு. ஆனால் மலிவான கருவி வெளிப்படையான கருவியாகவும் இருக்கலாம். இரண்டாம் பாதிக்கு ரோஷ் எதிர் சிப்ளா வழக்கில் 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வகுத்த வரிசையைப் பின்பற்றுங்கள்: துறையறிந்தவர் யார், கண்டுபிடிப்பின் கரு என்ன, முன்னுரிமைத் தேதியில் பொது அறிவு எவ்வளவு, வேறுபாடு எது, கண்டுபிடிப்பைக் கண்ட பிறகு வந்த பின்னறிவை ஒதுக்கிப் பார்த்தால் அந்த வேறுபாடு அவருக்குத் தோன்றியிருக்குமா. பதிலை இந்த வரிசையில் எழுதினால் கன்ட்ரோலரும் தன் உத்தரவை அதே வரிசையில் எழுத வேண்டியிருக்கும்.

விசாரணைக்கு ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். டி1, டி2, உங்கள் கருவி மூன்றின் ஒளிப்பாதையையும் ஒரே அளவுகோலில், ஒன்றன்கீழ் ஒன்றாக, பாவைத் தளத்தை ஒரே நிறத்தில் காட்டி வரையுங்கள். டி2-இன் ஆடி டி1-இல் ஏன் உட்காராது என்பது வாய்ப்பேச்சில் விளங்குவதைவிட அந்தத் தாளில் சட்டென்று விளங்கும். "துறையின் பொது அறிவு" என்று அறிக்கை சொன்னால், எந்த நூல், எந்த ஆண்டு என்று பணிவாகக் கேளுங்கள். சோதனை முடிவுகளைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுங்கள். டி1-ஐயும் டி2-ஐயும் உண்மையிலேயே இணைத்துச் செய்து பார்த்த படம் ஒன்று இருந்தால் அதற்கு ஈடான சான்று இல்லை. விசாரணை முடிந்து 15 நாளுக்குள் எழுத்து வாதம் போய்ச் சேர வேண்டும்.

நீங்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். யாரோ அகலமான காப்புரிமை ஒன்றைக் கேட்டு, நீங்கள் ஆண்டுக்கணக்காகச் செய்துவரும் கருவியை முடக்கப் பார்க்கிறார் என்றால் 25(1)(ஈ) பிரிவின்கீழ் வழங்கலுக்கு முன்னரே எதிர்க்கலாம். வழங்கிவிட்டால் 25(2)(ஈ), 64(1)(எஃப்) பிரிவுகள் இருக்கின்றன. ஐந்தாறு ஆவணங்களை அடுக்காதீர்கள். எண்ணிக்கை கூடக்கூட, இத்தனையும் தேவைப்பட்டதா என்ற கேள்வி உங்களுக்கு எதிராகத் திரும்பும். தன் குறையைத் தானே சொல்லும் ஓர் ஆவணம், அதே குறைக்கு மருந்து சொல்லும் இன்னோர் ஆவணம், இந்த ஜோடியைத் தேடுங்கள். "கார்னியாப் பளபளப்பு இன்னும் வருகிறது" என்று டி1-இன் கடைசிப் பக்கம் ஒப்புக்கொண்டிருந்தால், மருந்தை டி2-இல் தேடத் துறையறிந்தவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதே சமயம், முன்னால் நான் போட்ட மில்லிமீட்டர் கணக்குகளை நீங்களும் போட்டு, இணைத்த பிறகு கருவி வேலை செய்கிறது என்று காட்டத் தயாராக இருங்கள்.

உத்தரவு பாதகமாக வந்தால் அதில் முதலில் பார்க்க வேண்டியது காரணம். முந்தைய ஆவணம் காட்டுவது என்ன, விண்ணப்பத்திலுள்ள கண்டுபிடிப்பு என்ன, அதிலிருந்து இது எப்படி வெளிப்படையாகிறது, மூன்றையும் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதிய உத்தரவு நிற்காது என்று அக்ரிபோர்டு வழக்கில் 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், 117ஏ பிரிவின்படி மேல்முறையீடு மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். சென்னை அலுவலகத்தின் உத்தரவென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்கு. அங்கே நீதிபதி படிக்கப்போவது கன்ட்ரோலர் முன் நீங்கள் வைத்த காகிதங்களைத்தான். புதிய கணக்கையும் புதிய சோதனையையும் அந்தக் கட்டத்தில் நுழைப்பது மிகக் கடினம். ஆகவே ஒளிப்பாதைத் தாளும் அளவுகளும் பிரமாணப் பத்திரமும் பரிசோதனை அறிக்கைக்கான முதல் பதிலோடேயே போய்விடட்டும்.